மருந்துச் சிலிண்டர்

அன்று போட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். எஞ்சின் பிடித்தவன் யூட். குமிழ் பார்க்க நான். கடலுக்குள் இறங்க என் அண்ணன் அன்ரனும் அவரும். வரவேண்டிய மூன்றாவது சுழியோடி நிக்சன் வரவில்லை. மறுநாள் ஞாயிறு, அவனுடைய மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை. தைக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்று முல்லைத்தீவுப் பட்டினத்துக்குப் போய்விட்டான். அவனுக்காகக் காற்று நிரப்பிய சிலிண்டர்கள் மட்டும் போட்டுக்குள் உருண்டுகொண்டு கிடந்தன.

அவரை 'அவர்' என்றே எழுதப்போகிறேன். அவருடைய மூத்த மகள் இன்னும் எங்கள் கரையில்தான் இருக்கிறாள். பெயரைப் போட்டு அவளை நாலு பேர் பார்க்கவைக்க எனக்கு விருப்பமில்லை. கரையில் எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. அவருடைய வயதில் பாதிகூட இல்லாத நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எங்கள் ஆட்கள் எடுத்தது கடலட்டை. கடலடியில் மணலோடு மணலாகக் கிடக்கும், ஓடாது, கடிக்காது. பொறுக்கி வலைப்பையில் போட்டால் சரி. எங்கள் ஊரில் அதை யாரும் சாப்பிடுவதில்லை. அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கரைக்குக் கிட்டக் கிடந்தது முடிந்துபோக, ஆழத்துக்குப் போகவேண்டி வந்தது. பதினைந்து பாகம், சில நாட்களில் அதற்கும் கீழே. இரண்டு கையையும் விரித்து நின்றால் ஒரு ஆளின் நீளம் எவ்வளவோ அதுதான் ஒரு பாகம். பதினைந்து பாகத்தில் ஒரு மனிதன் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கரையில் இழுப்பதைவிட ஏறத்தாழ நாலு மடங்கு காற்று உள்ளே போகிறது. இது அப்போது எங்கள் போட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். தெரிந்து என்ன, அதனால் எனக்குப் பயம் பிடித்தது மட்டும்தான் மிச்சம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தால் அண்ணன் போகும் போட்டில் குமிழ் பார்க்கும் வேலை எனக்கு. சுழியோடிகள் அடியில் நகர நகர அவர்கள் விடும் மூச்சு மேலே வெள்ளையாக வெடிக்கும். அதைக் கண்ணெடுக்காமல் பார்த்து, எந்தப் பக்கம் போகிறது என்று எஞ்சின்காரனுக்குக் கை காட்டவேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று இடத்தில் குமிழ் தெரியவேண்டும். அலைநுரை எது, மனித மூச்சு எது என்று பிரிக்கத் தெரியாத முதல் நாட்களில் நான் தண்ணீர் குடிக்கக்கூடத் திரும்பியதில்லை.

அவரைக் கரையில் முதன்முதலாகக் காண்பவர்கள், இவரா சுழியோடி என்றுதான் கேட்பார்கள். இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கும். வேலிக் கதியால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டுதான் ஒழுங்கையில் வருவார். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கமாட்டார். சட்டையை மனைவிதான் மாட்டிவிடவேண்டும். "பொம்மைக்கு உடுப்புப் போடுறமாதிரி எனக்கு ஒவ்வொரு நாளும் இந்த மனிசனோட" என்று மனைவி வேலிப் படலையடியில் நின்று சொல்லுவார். போட்டில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

ஈயப் பட்டியை இடுப்பில் கட்டி, சிலிண்டரை முதுகில் மாட்டி, முகக்கண்ணாடியில் துப்பித் துடைத்துப் போட்டுக்கொண்டு போட்டின் விளிம்பில் பின்பக்கமாகச் சாய்வார். தண்ணீர் மூடியதும் அந்த முடக்கமெல்லாம் எங்கே போனதென்று தெரியாது. தெளிந்த நாட்களில் மேலிருந்து பார்ப்பேன். காலை ஒரு தடவை அசைத்தால் வழுக்கிக்கொண்டு போவார், தூக்க முடியாத கையை நீட்டியபடி.

"தரையில நான் கிழவன் தம்பி. கீழ போனா இந்தத் தோளும் இடுப்பும் வேற ஆரோ ஒருத்தன்ர எண்டமாதிரிக் கிடக்கும். ஒரு நோவும் இல்லை."

இதை அவர் எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. இந்த ஒரு நம்பிக்கையில்தான் அவருடைய சீவியம் முழுக்க நின்றது.

அவருடைய சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மீற்றர் உடைந்து, முள் எப்போதும் நிறைந்த பக்கத்திலேயே நின்றது. "கழட்டி எறியலாமே அண்ணை" என்று கேட்டேன். "நிக்கட்டும். எப்ப பார்த்தாலும் நிறையக் கிடக்குது எண்டு சொல்லுற சாமான் இது ஒண்டுதான் என்னட்டை இருக்குது" என்றார். யூட் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீற்றர் வேலை செய்கிறவர்களும் அதைப் பார்ப்பதில்லை. வாயில் மூச்சு இறுகத் தொடங்கினால் ஏறவேண்டியது, அவ்வளவுதான் எங்கள் கரையின் கணக்கு.

நான் குமிழ் பார்க்கத் தொடங்கிய முதல் கிழமை. தொழில் முடிந்து அண்ணனும் நிக்சனும் ஏறிவிட்டார்கள். அவர் மட்டும் இன்னொரு முழுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, வலைப்பை இல்லாமல் இறங்கினார். குமிழ் நகரவில்லை. ஒரே இடத்தில் மெதுவாக, இடைவெளி விட்டுவிட்டு வெடித்தது. எங்கேயோ சிக்கிவிட்டார் என்று நினைத்துக் கத்தினேன்.

"யூட் அண்ணை, ஆள் அசையேல்லை!"

யூட் பீடியைக் கொளுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தான். "சத்தம் போடாதையடா. அவர் மருந்து குடிக்கிறார்."

அதற்குப் பெயரே மருந்துச் சிலிண்டர். ஒவ்வொரு நாளும் ஒன்று அவருக்காக ஒதுக்கி வைக்கப்படும். ஏறி வரும்போது அவருக்குத் தோள் கொதிக்கத் தொடங்கும். அதற்காகத் திரும்ப இறங்கி மணலில் இருப்பார். பிறகு கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல ஏறுவார். நங்கூரக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு அவரே போட்டுவைத்திருந்தார். கடைசி ஆறு முடிச்சுகளிலும் ஒவ்வொன்றிலும் நின்று செபமாலையில் ஒரு பத்து சொல்லவேண்டும். பத்து அருள்நிறை மந்திரம் முடிந்தால் கயிற்றை ஒரு இழுவை இழுத்துவிட்டு அடுத்த முடிச்சு. மேலே இருப்பவனுக்கு அந்த இழுவைதான் சேதி. கையில் மணிக்கூடு கட்டியவன் எங்கள் கரையில் ஒருவனும் இறங்கியதில்லை.

தனக்கு வேலை செய்த மருந்தை அவர் மற்றவர்களுக்கும் கொடுத்தார். அளம்பில் பக்கத்துப் பெடியன் ஒருவன் ஏறியபின் முழங்கை நோகிறது என்று போட்டுக்குள் உருண்டான். அழுகைச் சத்தம் எங்கள் போட்டுக்குக் கேட்டது. அவர் அந்தப் போட்டுக்கு மாறி, அவனுடைய முதுகில் சிலிண்டரைக் கட்டி, கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோனார். ஏறி வந்தபோது பெடியன் கையை மடக்கி நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கண்ணால் கண்டது. அன்று மாலை அவனுடைய தாய் நண்டுக் குழம்பு கொண்டுவந்து, அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கரையில் யாருக்கு மூட்டு நோவு என்றாலும், கை விறைப்பென்றாலும் "அண்ணையைக் கூப்பிடு" என்பதுதான் முதல் சொல்.

நான் நூல்நிலையத்தில் ஒரு தடித்த புத்தகத்தை அகராதியோடு படித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு நாள் போட்டில் வைத்துத் துணிந்து சொன்னேன்.

"அண்ணை, சோடாப் போத்தலைத் திறந்தா நுரைக்குதெல்லோ? மூடி இருக்குமட்டும் அமுக்கத்தில வாயு கரைஞ்சு கிடக்கும். திறந்தா வெளிய பாயும். எங்கட ரத்தத்திலயும் அப்பிடித்தான். கீழ நிக்கேக்க காத்தில இருக்கிற நைதரசன் கரையுது. கெதியா ஏறினா, இல்லாட்டி ஒரே நாளில கனதரம் இறங்கினா, அது குமிழாகி மூட்டில நிக்கும். முதுகு முள்ளந்தண்டில நிண்டா கால் போகும்."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார். "அப்ப மூடியைத் திருப்பிப் பூட்டினா நுரை அடங்குந்தானே?"

"ஆஹா, கம்பஸ் படிப்பு மாட்டிச்சுது!" என்று யூட் எஞ்சின் பெட்டியில் தட்டினான்.

"அடங்கும் அண்ணை. ஆனா மணித்தியாலக் கணக்கில பூட்டி வச்சிருக்கவேணும். உங்கட காத்து அவ்வளவு நேரம் காணாது. கீழ நிக்க நிக்க இன்னும் நைதரசன் ஏறும். அரைகுறையில திறந்தா முந்தினதைவிட மோசம். அதுக்கெண்டு இரும்பு அறை வச்சிருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும். போகுமட்டும் ஆளை நேராக் கிடத்தி ஒட்சிசன் குடுக்கவேணும். போட்டில ஒரு ஒட்சிசன் சிலிண்டர் வச்சிருந்தா..."

"கட்டிலையும் போட்டு ஒரு நேர்ஸையும் இருத்துவமே?" என்றான் யூட்.

அண்ணனும் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "தம்பி சொல்லுறதில பிழையில்லை. ஆனா நான் இவ்வளவு காலமும் இறக்கி எடுத்தனான். ஒரு முடிச்சுக்கு ஒரு பத்து காணும்" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

இனி அந்தச் சனிக்கிழமை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. காற்றோடு கடலுக்குக் கொண்டுபோன சிலிண்டரைக் காற்றோடு கரைக்குத் திருப்பிக் கொண்டுவருவதில்லை. அடுத்த நாள் தொழில் படுத்துவிடும் என்பார்கள். நிக்சனின் சிலிண்டர்கள் அப்படியே கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதுமில்லை.

"அவன்ர காத்திலயும் நான் எடுக்கிறன். வாற பங்கை அவனுக்கே குடுப்பம். பிள்ளையின்ர முதல்நன்மைக்கு ஆகும்" என்றான் அண்ணன்.

"ரெண்டு ஆளின்ர காத்தை ஒரு ஆள் குடிக்கக்கூடாது அண்ணா" என்றேன்.

"குடிச்சா வெறிக்குமோ?" என்று கேட்டுவிட்டு விளிம்பில் சாய்ந்தான்.

அவரும் தடுக்கவில்லை. தன் பங்கை முடித்து, நிக்சனின் பங்கையும் முடித்து அண்ணன் ஏறினான். வலைப்பை நிறைய அட்டை. சோற்றுப் பாசலை அவிழ்த்துச் சாப்பிடத் தொடங்கியவன் வயிற்றைச் சொறிந்தான். பிறகு சாப்பாட்டைக் கீழே வைத்தான்.

"வயித்தைச் சுத்திக் கயிறு போட்டு இறுக்கினமாதிரிக் கிடக்கு."

தன் கால்களைப் பார்த்துக் கேட்டான்: "என்ர காலை ஆரடா அங்கால எடுத்து வச்சது?"

ஒருவரும் தொடவில்லை. இரண்டு காலும் அவனுக்கு முன்னால் அப்படியேதான் கிடந்தன. நான் பாதத்தைக் கிள்ளினேன். "கிள்ளடா, கிள்ளிப் பார்" என்றான். நான் ஏற்கெனவே நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"யூட் அண்ணை, எஞ்சினை எடுங்கோ! கரைக்குப் போவம், அங்கயிருந்து வான் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு. இது முழங்கை நோவில்லை. இது முள்ளந்தண்டு!"

அவர் ஏற்கெனவே மருந்துச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அந்த ஆஸ்பத்திரி எங்க கிடக்கு தம்பி? போய்ச் சேர இருண்டிடும். காலுக்கு அவ்வளவு நேரம் இருக்கோ? இஞ்ச கீழ பத்துப் பாகத்தில கிடக்குது மருந்து."

"அண்ணை, காத்து ஒரு சிலிண்டர்தான் இருக்குது!"

"அது அவனுக்கு. எனக்கு முடிஞ்ச சிலிண்டரின்ர அடிமிச்சம் காணும்."

யூட் எஞ்சின் கயிற்றைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அண்ணனின் தோளைப் பிடித்தேன். வியர்வையில் குளிர்ந்திருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

"நான் அண்ணையோட போறன்" என்றான்.

யூட்டும் அவருமாகத் தூக்கி அவனைத் தண்ணீருக்குள் விட்டார்கள். கால்கள் பின்னால் இழுபட்டுப் போயின. அவர் ஒரு கையால் அவனுடைய பட்டியைப் பிடித்துக்கொண்டு, தான் வைத்திருந்த மிச்சச் சிலிண்டரோடு அமிழ்ந்தார்.

மேலே இரண்டு குமிழ். நான் நங்கூரக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்திருந்தேன். யூட் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் நோவில்லாத ஆழத்தில் நிற்பது குமிழ் நகராததில் தெரிந்தது. பிறகு ஏறத் தொடங்கினார்கள். முதல் முடிச்சில் நீண்ட நேரம். ஒரு இழுவை. அந்த முடிச்சில் செபம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். இரண்டாவது முடிச்சு அதைவிடக் கொஞ்சம் சுருக்கம். மூன்றாவது இழுவை அதைவிடவும் கெதியாக வந்தது. பத்து மந்திரத்தை அவ்வளவு கெதியாகச் சொல்ல முடியாது. கீழே இருப்பது ஓடி ஓடிச் சொல்லும் செபம். பயந்த மனிதன் மெதுவாகச் செபிப்பானா? அவனுக்கு மந்திரங்களின் எண்ணிக்கை சரி, இன்னொரு முடிச்சும் தாண்டியாயிற்று. அவனுடைய இரத்தத்துக்கோ எண்ணத் தெரியாது. அதற்கு வேண்டியது நேரம்.

நான்காவது இழுவை உடனே வந்தது.

அப்போது ஒரு குமிழ் நின்றது.

எந்தக் குமிழ்? யாருடையது? நான் கத்தியிருக்கவேண்டும், யூட் என் சட்டையைப் பிடித்து இழுத்தான், இல்லாவிட்டால் குதித்திருப்பேன். ஒரே ஒரு குமிழ்க் கூட்டம் வந்தது, பிறகு நின்றது, பிறகு வந்தது. அவருடைய மிச்சம் முடிந்து, ஒரே வாய்க்குழாயை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கடிக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஐந்தாவது இழுவை வரவில்லை. தண்ணீர் வெடித்து அண்ணனின் தலை வந்தது. அவனைக் கீழேயிருந்து தள்ளிக்கொண்டு அவர் வந்தார்.

"கீழ கால் வந்ததடா!" என்றான் அண்ணன். அழுதுகொண்டு சிரித்தான். "விரலை ஆட்டினன். சத்தியமா ஆட்டினன். அண்ணை கண்டவர்."

"ஓம், கண்டனான்" என்றார் அவர்.

போட்டில் தூக்கிக் கிடத்தினோம். கரை தெரியத் தொடங்குமுன் விரல் நின்றது. பிறகு முழங்கால். அதன்பின் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. சிறுநீர் தானாகப் போனது, அவனுக்குத் தெரியவில்லை. அவர் தன் சாரத்தைக் கழற்றி மூடிவிட்டு, ஈரக் காற்சட்டையோடு குந்தியிருந்தார்.

வான் வண்டியில் அவரும் வந்தார். வரவேண்டாம் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. தெற்கே கடலோரமாகப் பல மணி நேரப் பயணம். வழியெல்லாம் அண்ணனின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். அவருடைய தோளும் கொதித்திருக்கும். அன்று அவருக்கு மருந்து இல்லையே.

அந்த ஆஸ்பத்திரியில் வட்டக் கண்ணாடி யன்னல் வைத்த இரும்பு அறைக்குள் அண்ணனைப் படுக்கவைத்து, கதவைப் பூட்டி அமுக்கத்தை ஏற்றினார்கள். உள்ளே முகமூடியில் ஒட்சிசன். பல நாட்கள் அப்படி ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். வெளியே மர வாங்கில் சரிந்து உட்கார்ந்திருந்த அவரைக் கண்டு, டொக்டர் அவரையும் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்த இடுப்பு எலும்புத் தலை செத்தது. தோளிலயும் செத்தது. கன வருசம் சுழியோடி ஆட்களுக்கு வாறது."

"அப்ப கீழ போனா ஏன் நோகுதில்லை ஐயா?"

"தண்ணி தூக்குது. பாரம் இல்லை. அவ்வளவுதான்."

"இல்லை ஐயா, கீழ எனக்குச் சுகம் வருகுது. அது மருந்து."

"மருந்து இல்லை" என்றார் டொக்டர். "குமிழ் வாற நோ கீழ போனாக் கொஞ்சம் குறையும். ஆனா ஒவ்வொரு நாளும் போய்ப் போய்த்தான் எலும்பு செத்தது."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு கேட்ட கேள்வியை டொக்டரிடம் கேட்கவில்லை, என்னிடம் திரும்பித்தான் கேட்டார்.

"அப்ப நான் இறக்கின பெடியள், தம்பி?"

டொக்டருக்கு நான் விளங்கப்படுத்தினேன். டொக்டர் கையை விரித்தார். "சில ஆள் சரி. சில ஆள் மோசம். எந்த ஆள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உள்ள கிடக்கிற தம்பிக்கு ஒண்டு சொல்லலாம். நேரம் போனது."

அவரிடம் பயத்தை நான் முதன்முதலாகக் கண்டது, வெளியே திரும்பி வந்து உட்கார்ந்த அந்த வாங்கில். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோனவர்களை ஒவ்வொருவராக நினைவுக்கு எடுத்தார். இப்போது கால் இழுத்து நடக்கும் ஒருவன். கலியாணமாகிப் பிள்ளையில்லாமல், காரணத்தை வெளியில் சொல்லாமல் இருக்கும் ஒருவன். முழங்கை நோவோடு வந்த அந்த அளம்பில் பெடியன் பிறகு எப்படி இருக்கிறான் என்று தெரியாது. "அவனுக்கு முந்தியே கால் இழுத்ததோ, நான் இறக்கினாப் பிறகோ? நீ யோசிச்சுச் சொல்லு தம்பி. உன்ர புத்தகத்தில பாரன்." புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஊருக்குத் திரும்பியபின் அவர் கடலில் இறங்கவில்லை. இரண்டு பெடியள் மூட்டு நோவென்று வாசலில் வந்து கூப்பிட்டபோது கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாராம். வெளியே அவர்கள் கெஞ்ச, உள்ளே அவர் "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று மட்டும் கத்தினாராம். அந்த வருடமே மனைவியின் தங்கை வீட்டோடு இருக்க வட்டக்கச்சிக்குப் போய்விட்டார். வயல் நடுவில் வீடு. வாய்க்காலில் குளிக்கக்கூட இறங்கமாட்டார், வாளியில் அள்ளி ஊற்றிக்கொள்வார் என்று மனைவி சொன்னார்.

நானும் அண்ணனும் ஒரு தடவை போனோம். அண்ணனுக்கு வலது காலில் பாதி உணர்வு திரும்பியிருந்தது, இடது காலில் ஒன்றும் திரும்பவில்லை; இரண்டு பக்கமும் தடி. அவர் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் கொண்டுபோகாட்டி அண்டைக்கு அந்த விரலும் ஆடியிராது அண்ணை" என்றான் அண்ணன்.

"அப்பிடிச் சொல்லாதை. அப்பிடிச் சொல்லாதையடா" என்று அவர் காதைப் பொத்தினார். வலது கை காதுவரை எழும்பவில்லை. ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.

எங்களுக்கு ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன். வான் கூலி, ஆஸ்பத்திரி வாசலில் அறை எடுத்துத் தங்கியது, பிறகு வவுனியாவுக்குக் காலுக்குப் பயிற்சி கொடுக்கக் கொண்டு திரிந்தது எல்லாமாக, அம்மாவின் சங்கிலியும் வீட்டுக்குப் பின்னாலிருந்த தென்னங்காணியும் போயின. அம்மா விரல் மடித்து எண்ணி முடித்த தொகை ஆறு இலட்சத்துச் சொச்சம். ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று வாங்க எவ்வளவு என்று நான் பிறகு விசாரித்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. எங்கள் கணக்கில் போனது ஆறு இலட்சத்துச் சொச்சம் ரூபாயும், அண்ணனின் இடது காலும்.